கரிசல் கிணற்றில் பெர்மாங்கனேட், சாயக்கழிவில் ஓசோன்

சுத்திகரித்த கழிவுநீரிலும் கொஞ்சம் கரிமப் பொருள் கரைந்தபடி மிஞ்சிவிடும். அதை உடைத்து நீக்கும் வழிகளுக்கு மேம்பட்ட ஆக்சிஜனேற்ற முறைகள் என்று பெயர். வில்லியம் கிளேஸ் என்ற அமெரிக்க வேதியியலாளரும் அவருடைய சகாக்களும் 1987-இல் இந்தப் பெயரை வழக்கத்துக்குக் கொண்டுவந்தார்கள். தண்ணீரில் ஆக்சிஜனேற்றியைக் கரைத்து அழுக்கையும் கிருமியையும் அழிக்கும் வழக்கமோ, இந்தியாவின் வறண்ட ஊர்களில் அதற்குத் தொண்ணூறு ஆண்டுகள் முன்பே தொடங்கிவிட்டது. கோவில்பட்டியை நடுவில் வைத்து வடக்கே சாத்தூர், அருப்புக்கோட்டை, கிழக்கே எட்டயபுரம், விளாத்திகுளம் என்று விரியும் கரிசல் பூமி இந்த வரலாற்றோடு பல வழிகளில் பிணைந்தது. தீப்பெட்டித் தொழில் இங்கே வேர்விட்டதும், துணி வெளுப்பதும் நூலுக்குச் சாயம் ஏற்றுவதும் அக்கம்பக்கத்து ஊர்களின் பிழைப்பானதும், நல்ல தண்ணீருக்கு எப்போதும் பஞ்சம் இருந்ததும் அதற்குக் காரணங்கள்.

கரிசல் மண் மழை பெய்தால் ஊறி உப்பும். வெயிலில் பாளம் பாளமாக வெடிக்கும். ஈரத்தைப் பிடித்து வைத்துப் பருத்தியையும் கம்பையும் சோளத்தையும் விளைவிக்கும். கோவில்பட்டியில் 1901-இலேயே வேளாண் ஆராய்ச்சி நிலையம் தொடங்கியதும், கருங்கண்ணிப் பருத்தி அங்கே மேம்படுத்தப்பட்டதும் இந்த மண்ணின் குணத்தால்தான். ஆனால் இதே மண் தண்ணீரை எளிதில் கீழே இறங்க விடாது. ஆண்டுக்கு ஏறத்தாழ 700 மில்லிமீட்டர் மழை, அதுவும் பெரும்பகுதி ஐப்பசி கார்த்திகையில். தோண்டினால் வருவது பல இடங்களில் உப்புத் தண்ணீர். ஆகவே குடிநீருக்கு ஊருணி, மற்றதற்குக் கிணறு என்று ஊர்கள் பிரித்து வைத்துக்கொண்டன.

ஊருணித் தண்ணீர் கலங்கலாக இருக்கும். மண்பானையின் உட்புறத்தில் தேற்றான்கொட்டையை உரசிவிட்டுத் தண்ணீரை ஊற்றி வைத்தால், கொஞ்ச நேரத்தில் கலங்கல் அடியில் படிந்துவிடும். கொட்டையில் உள்ள புரதமும் பசைப்பொருளும் களிமண் துகள்களைத் திரட்டி இறக்குகின்றன. நல்ல முறைதான். ஆனால் அது தீர்ப்பது மிதக்கும் மண்ணை மட்டுமே. தண்ணீரில் கரைந்துவிட்ட கரிமப் பொருள், இலைச்சாறோ மாட்டுச் சிறுநீரோ, தெளிந்த நீரிலும் அப்படியேதான் இருக்கும். தெளிவு வேறு, சுத்தம் வேறு என்பதைச் சமூகம் புரிந்துகொள்ளக் காலரா தேவைப்பட்டது.

1892-இல் ஆக்ராவில் அரசாங்க வேதியியல் பரிசோதகராகப் பொறுப்பேற்ற எர்னஸ்ட் ஹான்பரி ஹான்கின், காலரா பரவும்போது கிணறுகளில் பொட்டாசியம் பெர்மாங்கனேட்டைக் கரைக்கச் சொன்னார். அந்த வழக்கம் விரைவிலேயே நாடு முழுவதும் பரவியது. சென்னை மாகாணத்தின் சுகாதாரப் பணியாளர்களும் அதைக் கையில் எடுத்தார்கள். செய்முறை எளிது. படிகத்தை ஒரு வாளித் தண்ணீரில் கரைப்பார்கள். வாளியைக் கிணற்றுக்குள் இறக்கி, ஏற்றி, மறுபடி இறக்கி நீர் முழுதும் கலக்கச் செய்வார்கள். கிணறு வெளிர்ச் சிவப்பாகும். அரைமணி நேரம் கழித்தும் அந்தச் சிவப்பு நின்றால் மருந்து போதும். அதற்குள் பழுப்பேறிவிட்டால், தண்ணீரில் இருந்த கரிமப் பொருள் மருந்தைத் தின்றுவிட்டது என்று பொருள். இன்னும் கொஞ்சம் கரைக்க வேண்டும். மறுநாள் வரை யாரும் அந்தக் கிணற்றில் இறைக்கக் கூடாது.

எளிய இந்தச் சோதனையில் இன்றைய சுத்திகரிப்பு நிலையங்களின் அடிப்படைக் கணக்கு முழுதும் அடங்கியிருக்கிறது. ஆக்சிஜனேற்றிக்குக் கிருமி எது, சருகுச் சாறு எது என்று தெரியாது. எதிர்ப்பட்ட கரிமப் பொருளையெல்லாம் அது தாக்கும். தண்ணீரில் எவ்வளவு அழுக்கோ அவ்வளவு மருந்து செலவாகும். அழுக்குத் தீர்ந்த பிறகு மிஞ்சுவதுதான் பயன் தரும்.

செலவான மருந்தைக் கொண்டே அழுக்கை அளக்கலாம் என்பதையும் வேதியியலாளர்கள் முன்பே கண்டிருந்தார்கள். 19-ஆம் நூற்றாண்டிலேயே இங்கிலாந்தின் மெய்மட் டைடி பெர்மாங்கனேட் சோதனையை முறைப்படுத்தினார். நான்கு மணி நேரத்தில் ஒரு லிட்டர் நீர் எவ்வளவு ஆக்சிஜனை எடுத்துக்கொள்கிறது என்பது அதன் விடை. இந்தியாவின் ஆய்வுக்கூடங்களில் டைடி எண் நெடுங்காலம் புழங்கியது. பிறகு வந்த இரு அளவைகள் அதை ஓரங்கட்டின. நுண்ணுயிரிகள் தின்னக்கூடிய பொருளை அளப்பது உயிர்வேதி ஆக்சிஜன் தேவை. பிரிட்டனின் கழிவுநீர் ஆணையம் 1912-ஆம் ஆண்டு அறிக்கையில் இதற்கு வரம்பு சொன்னது. அந்தக் குளிர்நாட்டில் ஐந்து நாள் வைத்துப் பார்த்த சோதனையை, இந்தியாவின் வெப்பத்துக்கு ஏற்ப 27 டிகிரியில் மூன்று நாளாக இங்கே மாற்றிக்கொண்டார்கள். மற்றொன்று வேதி ஆக்சிஜன் தேவை. கொதிக்கும் அமில டைகுரோமேட்டில் எரியக்கூடிய அனைத்தையும் அது அளக்கும். இரண்டு எண்களுக்கும் இடையில் உள்ள இடைவெளியில்தான் இந்தக் கட்டுரையின் பொருள் இருக்கிறது. சாயக்கழிவு நுண்ணுயிர்த் தொட்டியைக் கடந்து வந்தபின், முதல் எண் லிட்டருக்கு 20 மில்லிகிராமுக்குக் கீழே இறங்கியிருக்கும். இரண்டாவது 200-ஐத் தாண்டி நிற்பதுண்டு. அந்த மீதியை எந்த நுண்ணுயிரியும் தொடாது. அதை எரிக்க வேதியியல்தான் வேண்டும்.

கிணறுகளில் பெர்மாங்கனேட்டின் இடத்தைப் பிளீச்சிங் பவுடர் பிடித்தது. விலை மலிவு, கிருமிக்கொல்லியாக வலிமை அதிகம். 1,000 லிட்டர் கிணற்று நீருக்கு ஏறத்தாழ 2.5 கிராம், ஒரு மணி நேரக் காத்திருப்பு என்ற கணக்கு இன்றும் சுகாதார ஆய்வாளர்களின் பாடத்தில் இருக்கிறது. ஆனால் குளோரின் கரிமப் பொருளை எரிப்பதோடு நிற்பதில்லை. சில மூலக்கூறுகளில் தானே போய் ஒட்டிக்கொண்டு குளோரோபார்ம் போன்ற புதிய பொருள்களையும் உண்டாக்குகிறது. 1970-களில் இது தெரியவந்தபோது, எச்சம் விடாத ஆக்சிஜனேற்றியைத் தேடும் வேலை உலகெங்கும் சூடுபிடித்தது.

கரிசல் வட்டாரத்துக்கு ஆக்சிஜனேற்றி என்றால் முதலில் நினைவுக்கு வருவது தண்ணீர் மருந்தன்று, தீக்குச்சி மருந்து. கல்கத்தா சென்று தொழில் பயின்று வந்த அய்ய நாடாரும் சண்முக நாடாரும் 1923-இல் சிவகாசியில் தீப்பெட்டித் தொழிலைத் தொடங்கினார்கள். அது சாத்தூர், கோவில்பட்டி என்று பரவி, மழை பொய்த்த ஊர்களுக்குக் கூலி தந்தது. குச்சியின் தலையில் உள்ள முக்கியப் பொருள் பொட்டாசியம் குளோரேட். உரசியதும் ஆக்சிஜனை வெளிவிட்டு நெருப்பை மூட்டுவது அதுதான். உப்புக் கரைசலில் மின்சாரம் செலுத்தி அதைத் தயாரிக்கிறார்கள். அதற்கு அரித்துப்போகாத நேர்மின்முனை வேண்டும். தொழிலின் நுட்பமெல்லாம் அந்த மின்முனையில் இருக்கிறது.

காரைக்குடியில் 1948-இல் அடிக்கல் நாட்டப்பட்டு 1953-இல் திறக்கப்பட்ட மத்திய மின்வேதியியல் ஆய்வு நிறுவனம், குளோரேட்டையும் பெர்குளோரேட்டையும் மின்பகுப்பில் எடுக்கும் வழிகளை ஆராய்ந்தது. வள்ளல் அழகப்பச் செட்டியார் நிலமும் நிதியும் கொடுத்துக் கொண்டுவந்த நிறுவனம் அது. அங்கே உடுப்பாவும் நரசிம்மமும் கிராபைட் மீது காரீய டை ஆக்சைடு பூசிய மின்முனையை உருவாக்கினார்கள். டைட்டேனியத் தகட்டின் மீது உலோக ஆக்சைடு பூசிய மின்முனைகளும் அந்நிறுவனத்தில் உருவாயின. இதே வகை மின்முனைகள் பின்னாளில் கழிவுநீருக்குத் திரும்பின. 2000-களில் அகமது பாஷாவும் அவருடன் பணியாற்றியவர்களும் சாய ஆலைக் கழிவுநீரை மின்கலத்தில் ஆக்சிஜனேற்றி மறுபடி பயன்படுத்துவது குறித்து ஆய்வு வெளியிட்டார்கள். சாயக்கழிவில் உப்பு ஏராளம். மின்சாரம் செலுத்தினால் அந்த உப்பே மின்முனையில் குளோரினாகவும் ஹைப்போகுளோரைட்டாகவும் மாறிச் சாயத்தைச் சிதைக்கும். வெளியிலிருந்து மருந்து எதுவும் வாங்க வேண்டாம். தீக்குச்சிக்கு மருந்து தேடிய ஆய்வு, அரை நூற்றாண்டில் கழிவுநீருக்கு மருந்து தேடும் ஆய்வாக விரிந்தது. தமிழ்நாட்டு அறிவியல் வரலாற்றில் இந்தத் தொடர்ச்சி அதிகம் பேசப்படவில்லை, பேசப்பட வேண்டியது.

துணித் தொழிலுக்கும் ஆக்சிஜனேற்றி பழக்கமான சரக்கு. ராஜபாளையத்தை அடுத்த சத்திரப்பட்டியில் காயத்துக்குக் கட்டும் துணி நெய்கிறார்கள். அதை வெளுக்க முன்பு பிளீச்சிங் பவுடரும் ஹைப்போகுளோரைட்டும். இன்று பெரும்பாலும் ஹைட்ரஜன் பெராக்சைடு. வெளுப்பது என்பது பருத்தியில் ஒட்டியுள்ள நிறமிகளை ஆக்சிஜனேற்றி அழிப்பதுதான். அருப்புக்கோட்டையில் நூலுக்குச் சாயம் ஏற்றுவது தலைமுறைத் தொழில். துணியிலிருந்து நிறத்தை எடுக்கும் பொருளும், கழிவுநீரிலிருந்து நிறத்தை எடுக்கும் பொருளும் ஒன்றே. வெளுப்புப் பட்டறைக்காரருக்குப் பெராக்சைடைப் பற்றிப் புதிதாகச் சொல்லித்தர வேண்டியது கொஞ்சமே.

அந்தக் கொஞ்சத்தைக் கண்டுபிடித்தவர் கேம்பிரிட்ஜின் ஹென்றி ஃபென்டன். பெராக்சைடோடு சிறிதளவு இரும்பு உப்பைச் சேர்த்தால் டார்டாரிக் அமிலம் வேகமாக ஆக்சிஜனேற்றம் அடைவதை 1894-இல் விரிவாக எழுதினார். ஏன் என்பதற்கு விடை 1934-இல் வேதியியலாளர்கள் ஹேபரும் வைஸும் தந்தது: இரும்பு பெராக்சைடைப் பிளக்கும்போது ஹைட்ராக்சில் தனி உறுப்பு பிறக்கிறது. அதன் ஆக்சிஜனேற்ற மின்னழுத்தம் 2.8 வோல்ட். ஓசோனுக்கு 2.07, பெராக்சைடுக்கு 1.78, பெர்மாங்கனேட்டுக்கு 1.68, குளோரினுக்கு 1.36. ஹைட்ராக்சில் தனி உறுப்போ, பிறந்து ஒரு மைக்ரோ நொடி தீர்வதற்குள் எதிர்ப்பட்ட மூலக்கூறைத் தாக்கி மறைந்துவிடும். தண்ணீரில் எச்சமாக நிற்காது. எந்த வழியிலாவது இந்தத் தனி உறுப்பை உண்டாக்கிப் பயன்படுத்துவதே மேம்பட்ட ஆக்சிஜனேற்றம். இரும்பும் பெராக்சைடும் ஒரு வழி. ஓசோனும் பெராக்சைடும் இன்னொன்று. பெராக்சைடின் மீது புறஊதா ஒளி பாய்ச்சுவது மற்றொன்று. டைட்டேனியம் டை ஆக்சைடின் மீது ஒளி படச் செய்வது வேறொன்று.

ஃபென்டன் முறையை ஒரு பீக்கரில் பார்த்துவிடலாம். சாயக்கழிவில் அமிலம் விட்டு அதன் அமிலநிலையை 3-க்குக் கொண்டுவர வேண்டும். அதில் அன்னபேதியைக் கரைக்க வேண்டும். சித்த மருந்துக் கடையில் விற்கும் அதே பச்சைப் படிகம்தான்; கடுக்காயோடு சேர்த்துக் கறுப்புச் சாயம் காய்ச்ச முன்னோர் பயன்படுத்தியதும் அதுவே. பிறகு பெராக்சைடை மெல்ல ஊற்றினால் நீர் நுரைக்கும், லேசாகச் சூடேறும், சில நிமிடங்களில் நிறம் இறங்கும். கடைசியாகச் சுண்ணாம்பைச் சேர்த்தால் இரும்பு துருநிறக் கசடாகத் திரண்டு அடியில் படியும். பார்ப்பவர் வேலை முடிந்தது என்று நினைப்பார். முடிந்திருக்காது. சாய மூலக்கூறின் நிறம் அதில் உள்ள நைட்ரஜன் பிணைப்பைச் சார்ந்தது. அது அறுந்ததும் நிறம் போய்விடும். மூலக்கூறின் மீதிப் பாகங்கள் நிறமில்லாமல் நீரிலேயே கிடக்கும். அவற்றை முழுதாகக் கரியமில வாயுவாக்க இன்னும் பல மடங்கு பெராக்சைடு வேண்டும். நிறம் போனதை வைத்துச் சுத்தத்தைத் தீர்மானித்த பட்டறைகள் பல. வேதி ஆக்சிஜன் தேவையை அளந்து பார்த்தால்தான் உண்மை தெரியும்.

அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தில் முருகானந்தமும் சுவாமிநாதனும் 2004-இல் ரியாக்டிவ் ஆரஞ்சு 4 என்ற சாயத்தை ஃபென்டன் முறையில், ஒளியோடும் ஒளியின்றியும் சிதைத்து ஆராய்ந்தார்கள். வெயிலையும் டைட்டேனியம் டை ஆக்சைடையும் கொண்டு சாயம் நீக்கவும் முயன்றார்கள். இந்தக் கடைசி வழி தென்கோடி மாவட்டங்களுக்கு ஏற்றதாகத் தோன்றும். வெயிலுக்குக் குறைவில்லை, டைட்டேனியத்தின் மூலக்கனிமமான இல்மனைட் மணவாளக்குறிச்சிக் கடற்கரையிலும் திருச்செந்தூர்ப் பக்கத்துத் தேரி மணலிலும் கிடக்கிறது. ஆனாலும் ஆலை அளவில் அது வேரூன்றவில்லை. நிறமேறிய நீருக்குள் ஒளி சில சென்டிமீட்டருக்கு மேல் புகாது. நீரில் கலந்த நுண்தூளைத் திரும்பப் பிரித்தெடுப்பதும் பெரும்பாடு.

ஆய்வுக்கூடத்திலிருந்து இவையெல்லாம் வெளியே வரக் காரணமான இடம் திருப்பூர். 1956-இல் சந்தைக்கு வந்த ரியாக்டிவ் சாயங்கள் பருத்தியோடு வேதிப் பிணைப்பில் ஒட்டுபவை. ஆனால் போட்ட சாயத்தில் ஒரு கணிசமான பங்கு துணியில் ஏறாமல் நீரோடு போகும். ஏற்றுவதற்கு லிட்டருக்குப் பல பத்து கிராம் உப்பும் வேண்டும். பின்னலாடை ஏற்றுமதி பெருகிய காலத்தில் இந்தக் கழிவு நொய்யல் ஆற்றில் விழுந்தது. 1992-இல் பாசனத்துக்கென்று திறந்த ஒரத்துப்பாளையம் அணை சாயக்கழிவுக் குட்டையானது; கீழ்ப்பகுதி விவசாயிகள் அந்த நீரைத் தங்கள் வயலுக்கு விட வேண்டாம் என்று வழக்காட நேர்ந்தது. அணை கட்டித் தரச் சொல்லிக் கேட்ட காலம் போய், அணைத் தண்ணீரே வேண்டாம் என்று சொல்லும் நிலைக்கு உழவர்களைக் கொண்டுவந்தது பெரிய அநியாயம். கழிவுநீர் ஒரு சொட்டும் வெளியேறக் கூடாது என்று சென்னை உயர் நீதிமன்றம் 2006-இல் ஆணையிட்டது. 2009-இல் உச்ச நீதிமன்றத்திலும் விவசாயிகள் பக்கமே தீர்ப்பு வந்தது. ஆணை நிறைவேறாததால் 2011 ஜனவரி 28-இல் சாயப்பட்டறைகளை மூட உயர் நீதிமன்றம் உத்தரவிட்டது.

கழிவை வெளியே விடக் கூடாது என்றால் ஆர்.ஓ. சவ்வில் வடிகட்டி நீரைத் திரும்ப எடுத்தே ஆக வேண்டும். மிஞ்சும் உவர்நீரைக் கொதிக்க வைத்து உப்பைப் பிரிக்க வேண்டும். இங்கேதான் ஆக்சிஜனேற்றம் கட்டாயமாயிற்று. நுண்ணுயிர்த் தொட்டியில் தப்பிய கரிமப் பொருள் சவ்வின் மேல் படிந்து அடைத்துவிடும். ஆவியாக்கியில் போய் உப்பைக் கறுப்பாக்கும். அதனால் பொதுச் சுத்திகரிப்பு நிலையங்களில் நுண்ணுயிர்த் தொட்டிக்கும் சவ்வுக்கும் நடுவே ஓர் ஆக்சிஜனேற்றப் படி நுழைந்தது. குளோரின் வகை மருந்தோ ஓசோனோ இட்டு நிறத்தை எடுத்து, பிறகு பிசின் வடிகட்டியில் விட்டு, அதன்பின் சவ்வுக்கு அனுப்பினார்கள். எடுத்த நீரும் உவர்நீரும் மறுபடி சாயத் தொட்டிக்கே போயின.

கரிசல் பூமிக்கு இந்த அனுபவம் சொல்வது முக்கியமானது. ஆக்சிஜனேற்றம் கரிமப் பொருளைத்தான் எரிக்கும், உப்பைத் தொடாது. உப்பு மிகுந்த நீரில் அதன் வேலையும் மந்தமாகும். குளோரைடும் பைகார்பனேட்டும் ஹைட்ராக்சில் தனி உறுப்பை வழிமறித்துத் தாமே வாங்கிக்கொள்ளும். கரிசல் நிலத்து ஆழ்குழாய் நீரில் இவை இரண்டும் தாராளம். அப்படிப்பட்ட நீரில் ஃபென்டன் முறையைச் செய்தால், காரத்தன்மையை அடக்க அமிலம் கொட்டி, பிறகு அமிலத்தை அடக்கச் சுண்ணாம்பு கொட்டி, கடைசியில் தொடங்கியதைவிட உப்பான நீரைக் கையில் வாங்க வேண்டும். கசடும் தனியே சேரும். மின்கல முறையில் உப்பு துணையாகிறது, ஆனால் குளோரின் ஒட்டிய கரிமப் பொருள்கள் பிறக்கும் ஆபத்து உண்டு. ஓசோன் நீரில் எச்சமாக நிற்காது. சில நிமிடங்களில் ஆக்சிஜனாகிவிடும். அதற்கு விலை மின்சாரம்: ஒரு கிலோ ஓசோன் தயாரிக்க ஏறத்தாழ 10 யூனிட். உப்பு நிலத்தில் இந்த விலை கொடுக்கத் தகுந்தது.

நகரக் கழிவுநீரிலும் இதே பாதை திறந்திருக்கிறது. நமீபியாவின் விண்டுஹோக் நகரம் 1968 முதல் கழிவுநீரைக் குடிநீராக்கி வருகிறது. 2002-இல் திறந்த அதன் புதிய நிலையத்தில் ஓசோன் ஒரு முக்கியப் படி. கலிபோர்னியாவின் ஆரஞ்சு கவுண்டி 2008 முதல் ஆர்.ஓ. நீரின் மீது புறஊதா ஒளியும் பெராக்சைடும் செலுத்தி, நிலத்தடியில் சேமிக்கிறது. சென்னை கோயம்பேட்டில் 2019-இல் வந்த நிலையம் நாளொன்றுக்கு 4.5 கோடி லிட்டர் கழிவுநீரைச் சவ்வுகளில் வடித்து, ஓசோனும் செலுத்தி, திருப்பெரும்புதூர், ஒரகடம் பக்கத்துத் தொழிற்பேட்டைகளுக்குத் தருகிறது.

கோவில்பட்டி குடிப்பது சீவலப்பேரியில் எடுக்கும் தாமிரபரணித் தண்ணீர். குழாயில் நெடுந்தூரம் ஏறி வரும் அந்த நல்ல தண்ணீர் வீடுகளில் ஒருமுறை புழங்கியபின் கழிவாகிறது. வீட்டுப் புழக்கத்தில் லிட்டருக்குக் கூடும் உப்பு பொதுவாக 150 முதல் 380 மில்லிகிராம். குடிநீரில் கரைந்த உப்புக்கு இந்தியத் தரநிலை தரும் உச்ச வரம்பு 2,000 மில்லிகிராம். கரிசல் நிலத்துக் கிணறுகள் பல இந்த வரம்பைத் தாண்டுபவை. அதாவது ஊரின் சாக்கடை நீர் ஊரின் கிணற்று நீரைவிட உப்புக் குறைந்தது. நுண்ணுயிர்த் தொட்டியும் ஓசோனும் சேர்ந்தால் அதிலுள்ள கரிமப் பொருளை நீக்கிவிடலாம். உப்பை நீக்கும் செலவு அங்கே வராது. கரிசல் ஊர்களின் கழிவுநீரைப் பிரித்துச் சேர்த்து, ஆக்சிஜனேற்றி, வெளுப்புப் பட்டறைக்கும் நூற்பாலைக்கும் கொடுப்பதை நகராட்சிகள் இனியும் தள்ளிப்போடக் கூடாது.